ஒரே கைக்கு இரண்டு ஜாதகம்

எங்கள் டச்சு ஊரில் விருந்தாளிக்குக் காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட். எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவோம். பிள்ளைகளின் அறிவை அளந்து சொல்வதாக ஊருக்கு வந்த வெண்டெலா அம்மையாருக்கு மட்டும் டப்பா திறந்தே கிடந்தது. அவர் கையில் நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு! குழந்தை சாயத்தில் கையை முக்கிக் காகிதத்தில் பதித்தால் போதும். அதன்மேல் குண்டு சுழன்றால் மேதை, நின்றால் மந்தம்.

"அலட்டாதே, எல்லாரையும் போல இரு" என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளை அடக்கும் ஊர், அவர் வந்த அன்று பள்ளியில் முண்டியடித்தது. தன் பிள்ளை மட்டும் எல்லாரையும் போல இருந்துவிடக் கூடாதாம்!

பக்கத்து நகரில் புதன்தோறும் மேதைப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. எங்கள் பள்ளிக்கு ஓர் இடம். அதைக் குண்டே முடிவு செய்யட்டும் என்றார் தலைமையாசிரியர். படித்தவர்தான், என்ன செய்வது!

அந்த இடத்துக்கு ஏங்கியவள் நீன்கே. படகுகள் போகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிறவரின் மகள், பத்து வயது. கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கேள்வி கேட்பாள். அந்தக் குற்றத்துக்காக அவள் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

மேயர் மகன் மவுரிட்ஸின் பெயர் எழுதிய காகிதத்தின்மேல் குண்டு சுழன்று தள்ளியது.

"அடேயப்பா! மேயர் ஐயா, உங்க பையன் மூளையில சூரியனே குடியிருக்கு!" என்றார் அம்மையார்.

அடுத்தது நீன்கேயின் பெயர் எழுதிய காகிதம். குண்டு அசையவில்லை.

"சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். இதுக்குக் கேள்வி கேக்கவே வராது."

நீன்கே எழுந்தாள். "சார், அந்த ரெண்டு பேப்பரையும் ஜன்னல்ல ஒண்ணுமேல ஒண்ணா வெச்சுப் பாருங்களேன்."

தலைமையாசிரியர் வைத்தார். வெளிச்சத்தில் விரலுக்கு விரல் பொருந்தியது, உள்ளங்கைத் தழும்புகூட.

"ரெண்டும் என் கைதான் சார். பேரு மட்டும்தான் வேற."

"டேய், அப்ப உன் கை எங்கடா?" என்று மகனிடம் அலறினார் மேயர்.

"பாக்கெட்டுல இருந்துச்சுப்பா. புதன்கிழமை எனக்கு ஃபுட்பால் இருக்குல்ல? அதான் இவ சோதனைக்கு என் பேரைக் குடுத்தேன்!"

"இங்க கெட்ட அலை ஜாஸ்தி" என்று முனகினார் அம்மையார்.

"அலையா? அது மேயர் வீடு எதுன்னு பாத்துதான் அடிக்குமா?" என்றாள் நீன்கே.

யாரோ பிஸ்கட் டப்பாவைப் படாரென்று மூடினார்கள். அம்மையார் குண்டைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

"இந்தச் சோதனையை யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"யாருமில்ல சார். சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிருந்தீங்கல்ல, யோசிக்க நிறைய நேரம் கிடைச்சுது."

அவர் முகம் சிவந்தது. தாமே போய் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டார். புதன்கிழமை நீன்கே நகரத்துக்குப் போனாள்.

பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளையின் அறிவை அறியக் குண்டு எதற்கு? அது கேள்வி கேட்கும்போது வாயை அடைக்காமல் இருங்கள். முடிந்தால், நீங்களும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்.