கிட்டாருக்கு ஆகாதவன்

உயிரே போனாலும் என் அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு காலை வேளையில் சபதம் செய்தேன். சத்தமாக அல்ல, மனைவி பக்கத்தில் இருந்தாள். ஆனாலும் வீரமான சபதம்தான். செய்யும்போது மீசை துடித்தது. மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. அது இருந்த இடம் துடித்தது.

அறை என்றதும் அரண்மனையை நினைத்துக்கொள்ளாதீர்கள். சமையலறைக்குப் பின்னால் ஒரு பொந்து. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு ஜன்னல். நான் காலை நீட்டினால் கதவு மூடாது. கதவை மூடினால் கால் நீளாது. ஆனால் ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு "என்னங்க" என்ற குரல் கொஞ்சம் மெதுவாகக் கேட்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, தம்பி வரான்."

"வரட்டுமே. எத்தனை நாளைக்கு?"

"நாள் என்ன நாள்? அவனும் ரிட்டயர் ஆயிட்டான். ஒண்டி ஆள். இங்கேயே இருந்துடுன்னு சொல்லிட்டேன்."

"எங்கே படுப்பான்?"

"பின் அறையிலதான். அங்கே இருக்கிற குப்பையை எல்லாம் சீக்கிரம் காலி பண்ணுங்க."

குப்பை என்று சொல்லும்போது அவள் பார்வை என்மேல் இருந்ததைக் கவனித்தேன்.

என் மச்சினனை உங்களுக்குத் தெரியாது. போன தடவை தலைவலி என்று ஒரு மாத்திரை வாங்கிப் போக வந்தான். மாத்திரை காலாவதியான பிறகும் அவன் கிளம்பவில்லை.

அறைக்குள் ஓடி நாலு பக்கமும் துழாவினேன். எதைக் காட்டி இந்த இடத்தைக் காப்பாற்றுவது? நாற்காலியையா? அதன் பிரம்பு பிய்ந்து, நான் எழுந்தால் அதுவும் கூடவே எழுகிறது. ரேடியோவையா? அது பாடுவதைவிட இருமுவது அதிகம். அப்போதுதான் சுவரில் தொங்கிய கிட்டார் கண்ணில் பட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. கப்பலில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஊரை விட்டுப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் மிச்சம். நான் முதல்முதலாக வாசித்த அன்று எங்கள் தெரு நாய்கள் மொத்தமும் அடுத்த தெருவுக்குக் குடிபோயின. இப்போது ஆறு தந்தியில் மூன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றும் எங்கே போயின என்று ஒரு தந்திகூட வரவில்லை.

இது அபூர்வமான கிட்டார், நகர்த்தினால் கெட்டுவிடும் என்று யாராவது பெரிய மனிதர் சொல்லிவிட்டால்? அதன் நிழலில் நானும் ஒட்டிக்கொள்ளலாமே!

பெரிய மனிதர் கைவசம் இருந்தார். காலையில் பூங்காவில் என்னோடு நடக்கிறவர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின கார், எரிந்துபோன கடை எல்லாவற்றையும் பார்த்து மதிப்புப் போட்ட சர்வேயர். குரலும் கனம், மூக்குக்கண்ணாடியும் கனம். என் வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை.

"கிட்டாரைப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்?" என்றார்.

"அவளுக்கும் தெரியாது. பழைய சாமான், விலை மதிக்க முடியாது, நகர்த்தக் கூடாது. இதைச் சொல்லிட்டு எழுந்துடுங்க."

"அதெப்படி? ஒரு பொருளைப் பார்த்தா முழுசாப் பார்ப்பேன். அரைகுறையா மதிப்புப் போட்டு எனக்குப் பழக்கம் இல்லை."

தொழில் பக்தி என்று நினைத்து மகிழ்ந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும், பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியுமாக வந்தார். எங்கெங்கோ படித்தும் வந்திருந்தார். கிட்டார் வயிற்று ஓட்டைக்குள் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். முதுகைத் தட்டினார். கழுத்து ஓரமாக முகர்ந்தார். மனைவி கையில் தூசித் துணியோடு வாசலில் நின்றாள்.

"உள்ளே பட்டை எல்லாம் விசிறி மாதிரி ஒட்டியிருக்கு. கையால செஞ்சது. தந்தி முறுக்கிற சாவி ஒண்ணுகூட மாத்தலை. வார்னிஷ் சிலந்தி வலையா வெடிச்சிருக்கு பாருங்க, அது வயசு. அம்மா, இதை எத்தனை தடவை துடைச்சிருக்கீங்க?"

"ஒரு தடவைகூடத் தொட விட்டதில்லை இவர்."

"நல்ல காலம்! துடைச்சிருந்தா பாதி விலை துணியோட போயிருக்கும். இதுக்கு விலை சொல்ல எனக்கு வாய் வரலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். இதை இந்த அறையை விட்டு நகர்த்தக் கூடாது."

ஆகா! என் மீசை இருந்த இடம் மறுபடியும் துடித்தது. அவர் அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு சந்தேகங்க. இவ்வளவு ஒசந்த சாமான். எதெல்லாம் இதுக்கு ஆகாது?"

சர்வேயர் முகம் மலர்ந்தது. ஆயுசு முழுக்க நிபந்தனை சொல்லியே பிழைத்த மனிதர். கேட்டால் விடுவாரா?

"முதல்ல ஈரம் ஆகாதும்மா."

"இவர் குளிச்சுட்டு ஈரத் துண்டோட இங்கேதான் வந்து உட்காருவார்."

"கூடவே கூடாது!"

"புகை?"

"விஷம்!"

"இவர் சிகரெட்டை விட்டுட்டாராம். ஆனா இந்த ஜன்னல் மட்டும் இன்னும் விடலை."

நான் அவர் காலை மிதித்தேன். இடைஞ்சலாக இருக்கிறது போல என்று காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"அதிர்ச்சி, நடுக்கம் எல்லாம் எப்படிங்க?"

"ரொம்பக் கெடுதல். பக்கத்துல லாரி போனாக்கூட ஒட்டு விட்டுடும்."

"குறட்டை?"

"எவ்வளவு சத்தம் வரும்?"

"சுவர்ல விரிசல் விடுதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்."

அவர் என்னை ஒரு எரிந்த கடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சார், நீங்க இந்த அறைக்குள்ள வரக் கூடாது."

"அப்ப ஆளே இல்லாம பூட்டி வச்சுடட்டுமா?" என்றாள் மனைவி, பச்சைக் குழந்தை மாதிரி.

"அதுவும் ஆபத்து. கழுத்து வளைஞ்சுடும். வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது தினமும் எடுத்து வாசிக்கணும்."

"எனக்குத் தெரியுமே!" என்று பாய்ந்து எடுத்து ஒரு இழு இழுத்தேன். மூன்று தந்தி இரண்டாயிற்று.

"சார், வச்சுடுங்க" என்றார் சர்வேயர். குரலில் நிஜமான பதற்றம் இருந்தது.

"எங்க தம்பி காலேஜ்ல நல்லா வாசிப்பான்" என்றாள் மனைவி. "இன்னொரு காப்பி சாப்பிடறீங்களா?"

மச்சினன் வந்தான். கிட்டாரும் அவனும் உள்ளே, நானும் நாற்காலியும் ஹாலில். புதுத் தந்தி போட்டான். காலையில் வாசித்தான், மத்தியானம் வாசித்தான். ஹாலில் டி.வி., டெலிபோன், காலிங் பெல், மனைவி என்று எல்லாமே என்னைக் குறிவைத்து ஒலித்தன. "என்னங்க" என்ற குரல் இப்போது காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கேட்டது. ஒருநாள் மனம் விட்டுப்போய் அவளிடமே சரணடைந்தேன்.

"அந்தக் கிட்டார் சுத்தக் குப்பை. வந்தவர் நிபுணரும் இல்லை, ஒண்ணும் இல்லை. பூங்காவில என்னோட நடக்கிறவர்."

"தெரியுமே."

"என்ன தெரியும்?"

"என் தங்கச்சி கார் மரத்துல மோதினப்ப வந்து பார்த்தவர் அவர்தான். அன்னிக்கும் இதே டார்ச்சைத்தான் அடிச்சார். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அடையாளம் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு ரெண்டு காப்பி கொடுத்தே?"

"நல்லாப் பேசினாரே." பீன்ஸ் காம்பைக் கிள்ளினாள். "நிச்சயமா குப்பைதானே?"

"என் தலைமேல சத்தியம்."

"அப்ப யாருக்காவது தூக்கிக் கொடுத்துடலாமா? அப்புறம் என் கிட்டாராச்சேன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன். இன்னைக்கே கொடு!"

நான் போட்ட திட்டம் இதுதான். கிட்டார் போனால் வாசிக்கிறவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு அறை எதற்கு?

மறுநாளே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்தார். பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கிறவராம். மச்சினன் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு தந்தி வாங்கப் போனபோது கடையில் அதைப் பார்த்துவிட்டு அன்றிலிருந்தே துரத்திக்கொண்டிருந்தாராம். கிட்டாரைப் பிறந்த குழந்தை மாதிரி கைகளில் ஏந்தினார்.

"இதைச் செஞ்ச பட்டறை தீப்பிடிச்சுப் போச்சு சார். தப்பிச்சது விரல் விட்டு எண்ணலாம். உள்ளே இந்த விசிறிப் பட்டையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். யாரோ மகராசன் துடைக்காம காப்பாத்தியிருக்கார்."

அந்த மகராசன் வாயைத் திறந்தான். மனைவி அவன் தலையைப் பார்த்தாள். சத்தியம் செய்த தலை. வாயை மூடிக்கொண்டான்.

போகட்டும், அறையாவது மிஞ்சியதே என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அங்கே இரண்டு பேர் என் ஜன்னலுக்கு மேலே ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது எதுக்கு?"

"தம்பிக்குப் புழுக்கம் ஆகாது."

"என் கிட்டார் வித்த காசா?"

"குப்பை வித்த காசுங்க."

ஏசி ஓட ஆரம்பித்தது. நாற்காலியைத் தூக்கியபடி வாசலில் நின்றேன். முகத்தில் சில்லென்று பட்டது. உண்மையிலேயே சுகம்தான். உள்ளே போர்வைக்குள்ளிருந்து மச்சினன் குரல் வந்தது.

"அத்தான், கதவைச் சாத்துங்க. குளிர் வெளிய போகுது."

சாத்தினேன். வெளியிலிருந்து.