பகா சாரும் எட்டுப் பொருத்தமும்

கொல்லிமலைக்கு வந்து அருவியைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு, மிளகைப் பார்த்து மயங்கிய வியாபாரிகள் உண்டு. ஓர் எண்ணைப் பார்த்து மயங்கிக் கிடந்த ஆள், இந்த உலகத்திலேயே எங்கள் பகா சார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். அவர் கணக்கு, நான் தமிழ். இருவருக்கும் ஒரே அறை, சமையல் மட்டும் என் தலையில். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாததுதான் பகா எண் என்பார்கள். அது கண்ணில் பட்டால் மனுசன் குதிப்பார். பஸ் மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவுப் பலகைகளைப் பார்த்து, "அறுபத்தேழு! பகா!" என்று அலறுவார். பக்கத்து சீட்டில் வாந்தி எடுப்பவர் பயந்துபோய் நிறுத்திவிடுவார். மொத்த வளைவு எழுபது என்பதில் அவருக்குத் தீராத வருத்தம். "இன்னொன்னு வளைச்சிருந்தா எழுபத்தொன்னுங்க. பகாவாயிருக்கும். பாவிங்க!"

நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஒரு பெண் அமைந்தபோது கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "சார், அங்க எண்ணுப் பேச்சே எடுக்காதீங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா ஆயுசுக்கும் என்ற சாம்பார்தான் உங்களுக்கு." மிரண்டுபோய்ச் சம்மதித்தார்.

பெண்ணின் அப்பா சிரித்த முகமாய், "பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குதுங்க" என்றார்.

சாரின் முகம் சுருங்கியது. "எட்டுங்களா? ரெண்டால வகுபடுமுங்களே. ஒன்னக் கொறைச்சு ஏழாக்க முடியுமுங்களா?"

நான் தலையில் கைவைத்தேன். பெண்ணின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அப்போது சமையலறை வாசலிலிருந்து பெண்ணே கேட்டாள். "அப்படி எந்த எண்ணுதானுங்க உங்களுக்குப் புடிக்கும்?"

போதாதா! சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் வந்தது. மாமனார் ஆகப்போகிறவரின் வழவழப்பான சிமென்ட் தரையில் 73939133 என்று எழுதினார். "இது பகாங்க. கடைசி இலக்கத்த அழிங்க, மிச்சமும் பகா. மறுபடி அழிங்க, அதுவும் பகா. ஏழு மட்டும் மிஞ்சுற வரைக்கும் அப்படித்தானுங்க! இந்த ஜாதியில இதைவிடப் பெரிய எண்ணே கெடையாதுங்க."

"முன்னாடி இருக்குற ஏழ அழிச்சா?"

சார் வேட்டி நுனியால் முதல் ஏழைத் துடைத்தார். விரல்விட்டுக் கணக்குப் போட்டார். முகம் வெளுத்தது. "அய்யய்யோ! பதினொன்னால வகுபடுதுங்களே! இத்தனை வருசம் வாலையே அறுத்துட்டு, தலையப் பாக்காம உட்டுட்டனே!" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் கேட்டதுக்குக் கணக்குப் போட்டுப் பாத்து, தெரியாதத ஒத்துக்கிட்ட ஆம்பள இவரு ஒருத்தருதானுங்கப்பா. பேசி முடிங்க."

கல்யாணப் பந்தியில் சீண்டிப் பார்த்தேன். "ஒத்தையா இருந்தீங்க, இப்ப ரெண்டாயிட்டீங்க. இரட்டைப்படை வகுபடுமே, சார்?"

பாயசத்தைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தபடியே சொன்னார். "இரட்டைப்படையில ரெண்டு ஒன்னுதானுங்க பகா."

மறுநாள் தனியாக மலையேறி வந்து, பழக்கதோஷத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்தே சாம்பார் வைத்துவிட்டேன். அந்த மனுசன் இல்லாமல் எனக்குச் சோறே இறங்கவில்லை.