ஜெராக்ஸ் கடை அமெரிக்கா

அமெரிக்காவுக்குச் சுதந்திரம் கிடைத்ததில் அமெரிக்கர்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்ட மனிதர் ஒருவர் இருக்கிறார். திருத்தணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜூலை நாலாம் தேதி அவர் கடைக்குப் போனால் ஒரு பக்கம் ஜெராக்ஸுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் இலவசம். நம்ம ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கடை லீவு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடையின் பெயர்ப் பலகையிலும் இருக்கிறது. ஊரில் அதைப் படித்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் அமெரிக்கா. "அமெரிக்கா உள்ள கீதா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள். "அமெரிக்கா டீ குடிக்கப் போயிருக்குது" என்று பக்கத்துக் கடையில் பதில் சொல்வார்கள்.

இந்த அமெரிக்கா அந்த அமெரிக்காவுக்குப் போனதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் வரைக்கும்கூடப் போனதில்லை. எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. பக்கத்துக் கடைக்காரர் பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடந்திருக்கிறது. வருஷத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அந்தத் தேதியில் அமெரிக்காவில் யார் பிறந்தார், யார் செத்தார், எந்தச் சண்டை மூண்டது, எது முதன்முதலாகப் பறந்தது என்று வரிசையாகப் போட்டிருக்கும். மனிதர் அதில் மயங்கி விழுந்துவிட்டார். ஒரு கரும்பலகை வாங்கிக் கடை வாசலில் சாத்தினார். "இன்று அமெரிக்காவில்" என்று மேலே பெயிண்டில் எழுதி, கீழே தினம் ஒரு சேதி சாக்பீஸில்.

எழுதியதோடு விட்டால் பரவாயில்லை. அதைக் கேட்காமல் யாரும் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போக முடியாது. நான் அப்போது அந்தத் தெருவில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு ஐந்து நகல் கேட்கிற அலுவலகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விரட்ட விரட்ட, ஜனங்கள் நேரே அவர் வாயில் போய் விழுவார்கள்.

ஒரு ஜூலை நாலாம் தேதி. பட்டா நகலுக்காக நின்ற விவசாயி ஒருவரை அமெரிக்கா பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, கேளு. ரெண்டு ஜனாதிபதிங்க. வாழ்நாள்ல பாதி நேரம் ஒருத்தருக்கொருத்தர் ஆவாது. ரெண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே நாளு, இதே ஜூலை நாலுல செத்தாங்க!"

"மருந்து கிருந்து வெச்சிட்டாங்களா?"

"இல்ல, இல்ல. வயசாயிதான். அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு ஜனாதிபதி. அவரும் ஜூலை நாலு!"

விவசாயி பட்டாவை மடித்து மடியில் சொருகினார். "நாளு சரியில்லன்னு தெரியுதில்ல? அன்னிக்கு மட்டும் கூழைக் குடிச்சிட்டு வூட்லயே படுத்துகினு இருந்திருக்கலாம்."

அந்தப் புத்தகத்தில் ஒரு குறை. பிப்ரவரி பதினாலிலிருந்து மார்ச் இரண்டு வரை செல்லரித்துப் போயிருந்தது. அந்தப் பதினேழு நாளும் பலகையில் ஒரே வாசகம்தான் இருக்கும்: "இன்று அமெரிக்காவில் ஒன்றும் நடக்கவில்லை."

நான் ஒரு தடவை செல்போனில் பார்த்துவிட்டுச் சொன்னேன். "அமெரிக்கா, பிப்ரவரி இருபத்திரண்டு உங்க முதல் ஜனாதிபதியோட பிறந்தநாள். அதைப் போய் விட்டுட்டீங்களே?"

"போன்ல ஆயிரம் போடுவான் சார். அவ்ளோ பெரிய ஆளு பொறந்திருந்தா புக்குல போடாமயா இருப்பான்?"

மலைக்கு மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படி என்பது ஊரறிந்த விஷயம். வருஷத்து நாளுக்கு ஒன்று. இந்தக் கணக்கு இந்த மனிதர் காதில் விழுந்திருக்கவே கூடாது. தெரியாத்தனமாக ஒரு கிருத்திகைக்கு அவருடன் படியேறினேன். முன்னால் போகிறவர்கள் "அரோகரா" என்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் "அரோகரா" என்கிறார்கள். நடுவில் இவர் படிக்கு ஒரு சம்பவம் சொல்லிக்கொண்டு வருகிறார். மூச்சு வாங்குகிறது, நிறுத்தவில்லை. நாற்பத்தைந்தாவது படியிலிருந்து அறுபத்தொன்றாவது படி வரைக்கும்தான் எனக்கு நிம்மதி. புத்தகத்தில் அந்தப் பதினேழு நாளைத் தின்ற செல்லுக்குப் புண்ணியம்.

எல்லாவற்றையும்விட மோசம், பிறந்தநாள் பொருத்தம். ஆதார் நகலுக்கு வருகிறவர்களின் பிறந்த தேதியைப் பார்த்து, அதே நாளில் பிறந்த அமெரிக்கர் யார் என்று சொல்லி அனுப்புவார். நம் பக்கத்துப் பெரியவர்களின் பிறந்தநாள் சங்கதி உங்களுக்குத் தெரியும். பெற்றவர்கள் பிள்ளை பெற்றார்கள், தேதி போட்டதெல்லாம் தலைமையாசிரியர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் பார்த்து ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று என்று வரிசையாக எழுதித் தள்ளிவிட்டார்கள். தாலுகாவில் பாதிப் பேர் அந்த ஒரே நாளில் பிறந்தவர்கள். அமெரிக்காவில் அன்றைக்குப் பிறந்தது, உலகத்தையே கிறங்கடித்த, பொன்னிறக் கூந்தல் நடிகை ஒருத்தி. அதனால், பல் போன கிழவர்களெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டே அந்தக் கடையை விட்டு இறங்குவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

அவர் மனைவி ஒருநாள் சாப்பாட்டுக் கூடையோடு கடைக்கு வந்தவர், என்னிடம் பொருமினார். "ஊரு உலகத்துல இருக்கிறவன் நாளெல்லாம் தெரியுது சார். எங்க கல்யாண நாளு தெரியல."

அமெரிக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "அன்னிக்கு அமெரிக்காவுல ஒண்ணும் நடக்கலடி. நடந்திருந்தா ஞாபகம் இருந்திருக்கும்."

இப்படிப்பட்ட ஆளிடம்தான் முனியம்மா வந்து சேர்ந்தார்.

கனகம்மாசத்திரம் பக்கத்துக் கிராமம். நடவு, களை, அறுப்பு என்று காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் குனிந்தே வேலை செய்தவர். இப்போது முதுகு நிமிர மறுக்கிறது. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டார். அறுபது ஆகியிருக்க வேண்டும். ஆதார் கார்டில் ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. ரேஷன் கார்டில் அறுபத்தெட்டு. ஆதார்படி கணக்குப் போட்டால் மூத்த மகனைப் பெறும்போது அவருக்குப் பதினோரு வயது. இந்தக் கணக்கு சரியில்லை என்பது எங்கள் அலுவலகத்துக்கும் தெரியும். ஆனால் எங்களுக்குக் காகிதம் வேண்டும். மூன்று தடவை திருப்பி அனுப்பினோம். அனுப்பிய கை என்னுடையதுதான்.

நாலாவது தடவை நகல் எடுக்கப் போன இடத்தில் அமெரிக்கா வழக்கம்போல் கேட்டிருக்கிறார். "எந்த நாள்ல பொறந்தேம்மா?"

"அது யாருக்குத் தெரியும் நைனா? எங்கப்பன் ஒண்ணு சொல்லிகினே இருக்கும். அமெரிக்கா ராஜாவ சுட்டுட்டாங்கன்னு கர்ணம் வூட்டு ரேடியோவுல சொன்னாங்களாம். அந்தக் காலைல நான் பொறந்தேனாம்."

அமெரிக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு, முனியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஓட்டமாக என் மேஜைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவருடைய சேதி ஒரு மனுஷிக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

"சார்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு, நவம்பர் இருபத்திரண்டு! பகல் பன்னெண்டரை மணி! எழுதிக்கோங்க!"

"அமெரிக்க ஜனாதிபதி செத்ததெல்லாம் வயசுக்கு ஆதாரம் ஆகாதுங்க."

"ஆவாதுதான். ஆனா அந்தக் கால பிறப்பு ரிஜிஸ்டர் உள்ள இருக்குதில்ல? தேதி தெரியலன்னுதானே தேட மாட்டேன்னு சொல்லிகினு இருந்தீங்க? இப்ப தேதி கீது. தேடுங்க."

சுருக்கென்றது. விடாமல் நானும் ஒரு குத்து குத்தினேன். செல்போனில் கணக்குப் பார்த்துச் சொன்னேன். "அங்கே பகல் பன்னெண்டரைன்னா இங்கே நடுராத்திரி. ரேடியோவில் சொன்ன காலை இருபத்து மூணாம் தேதி. உங்க தேதி ஒருநாள் தப்பு."

"ரேடியோக்காரன் லேட்டா சொன்னா அதுக்கு அமெரிக்கா இன்னா பண்ணும்? இருபத்திரண்டுதான்!"

"இருபத்து மூணு."

அலுவலகத்துக்கு வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முனியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யப்பா, எதுவா இருந்தா இன்னா? அறுபது ஆவுதா இல்லையா?"

ஆகிறது. இரண்டில் எதுவானாலும் ஆகிறது. ஆனால் எங்களுக்கு மானப் பிரச்னை. "இருபத்து மூணுன்னு இருந்தா நாளையிலேர்ந்து போர்டே எழுதல சார்!" என்று கூட்டத்தின் முன்னால் கத்திவிட்டார் அமெரிக்கா.

பதிவறைச் சாவி என்னிடம் இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் திறந்தேன். சிவப்புத் துணி மூட்டைகளைப் பிரித்து, தும்மித் தும்மி அந்த வருஷத்துக் கட்டை எடுத்தால், உள்ளே எல்லாம் தெலுங்கு. இந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து சில வருஷமே ஆகியிருந்த நேரம், ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் பழைய பழக்கத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார். எண்கள்கூடத் தெலுங்கு எண்கள். எனக்கு எல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரிதான் தெரிந்தது. அமெரிக்கா நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு, படிக்கவும் தெரியும். வேறு வழியில்லாமல் அவரையே உள்ளே கூப்பிட்டேன். விதிப்படி கூடாது. இப்போது நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.

விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. உதடு அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"இருக்குதா?"

அதே வரியில் விரலை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அவர் வாய் மூடி நான் பார்த்ததே அன்றுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த அறையில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இருபத்திரண்டு என்று சொன்னால் நான் இருபத்திரண்டு என்று எழுதிக்கொள்ளப் போகிறேன். முனியம்மாவுக்கு நஷ்டமில்லை. அலுவலகத்தில் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. வெளியே அவர் கட்சிக்காரர்கள் வேறு காத்திருந்தார்கள்.

"பொட்டப்புள்ள. அப்பன் பேரு அந்தம்மா சொன்ன அதே கன்னியப்பன், விவசாயக் கூலி," என்று மெதுவாகப் படித்தார். "நவம்பர் இருபத்தி மூணு, சார்."

"நல்லா பாருங்க."

"ரெண்டு தரம் பாத்துட்டேன். மூணுதான்." கட்டின் மேலிருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். "அப்ப இத்தினி வருஷமா ஊருக்குப் பாதி தப்பாவே சொல்லிகினு இருந்திருக்கேன்."

எவ்வளவோ நாள் அந்த மனிதரை மட்டம் தட்டக் காத்திருந்தவன் நான். ஜெயித்துவிட்டு, சிரிக்கத் தெரியாமல் நின்றேன்.

மறுநாள் பலகை வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நகல் எடுக்க வந்த ஒரு கிழவர், "இன்னாய்யா, அமெரிக்கா மூழ்கிப் போச்சா?" என்று அதட்டினார். ஜனங்களுக்கு ஜெராக்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு போகப் பிடிக்கவில்லை. நாலாம் நாள் நானே ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போய் மெஷின்மேல் வைத்தேன். முறைத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கூடியது: "நம்ம ஊர் மணிக்கு ஒருநாள் மாறும். கோவிச்சுக்காதீங்க."

முனியம்மாவுக்கு பென்ஷன் உத்தரவு வந்தது. அந்த வருஷம் நவம்பர் இருபத்து மூன்றுக்கு அமெரிக்கா அவரைக் கடைக்கு வரவழைத்து, பேக்கரியிலிருந்து ஒரு சின்ன கேக் வாங்கி வைத்தார். முனியம்மாவுக்கு அதுதான் முதல் பிறந்தநாள். கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நிற்க, நம்ம ஆள் சும்மா இருப்பாரா? சுடப்பட்ட ஜனாதிபதியின் கதையை ஆரம்பித்துவிட்டார். எந்தத் தெரு, எந்தக் கார், எத்தனை குண்டு.

முனியம்மா நடுவில் கேட்டார். "அந்த மனுசனுக்குப் புள்ளைங்க இருந்துச்சா நைனா?"

"ரெண்டு. சின்னப் புள்ளைங்க."

"அய்யோ பாவம்," என்றார் முனியம்மா. வெட்டிய கேக்கில் இரண்டு துண்டை எடுத்துக் காகிதத்தில் தனியாக வைத்தார். "நான் பொறந்த சந்தோசத்துல எங்கப்பன் கெடக்க, அங்க அதுங்க அழுதுகினு இருந்திருக்கும்."

அமெரிக்காவின் புத்தகத்தில் அது போட்டிருக்கவில்லை. ஏதோ பேப்பர் மாட்டிக்கொண்டது போல அவர் மெஷினைத் திறந்து வெகுநேரம் உள்ளேயே குனிந்துகொண்டிருந்தார்.

பிறகு என்னைத் திருவள்ளூருக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே என் அலுவலகத்துக்குள்ளேயே மூன்று ஜெராக்ஸ் மெஷின்கள் இருக்கின்றன. மூன்றும் வாயைத் திறக்காமல் வேலை செய்கின்றன. அதனால் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகல் தேவையே இல்லாத ஏதோ ஒரு காகிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நான் திருத்தணிக்கு ரயில் ஏறிவிடுகிறேன்.