பாம்பக்கா தேடிய முகம்

எதிரே இருப்பவர் முகத்துக்குள் அங்கே இல்லாதவரைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் மலேசியாவின் ஈப்போ நகரத்திலேயே ஒருத்தர்தான் இருந்தார். எங்கள் பாம்பக்கா.

எழுபதுகளின் கடைசியில் அவர் வீட்டில் நான் வாடகைக்கு அறை கேட்டுப் போன அன்றே என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் சிமிட்டவில்லை.

"ஒங்கப்பாவுக்கு முன்பல்லு தூக்கியிருக்குமா தம்பி?"

இருக்கும். ஆனால் எனக்குப் பல் வரிசை நேர். அப்பா தொலைவில், சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அக்கா அவரைப் பார்த்ததே கிடையாது.

"எப்படித் தெரியும்?"

"ஒதடு சொல்லுது. பல்ல மூடுறதுக்குன்னே செஞ்ச ஒதடு. பல்லு ஒளிஞ்சிருக்கு, ஒதடு மட்டும் வந்திருச்சு."

அப்போதே ஓடியிருக்க வேண்டும். வேறு அறை கிடைக்காததால் ஆறு வருஷம் இருந்தேன்.

அக்காவுக்குச் சீன முகம், தோட்டத்துத் தமிழ் நாக்கு. பிறந்த சில நாளிலேயே ஒரு சீனக் குடும்பம் தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்ட பெண் குழந்தை அவர். அந்தக் காலத்தில் அது சகஜம். பெற்றவள் பேர்கூட யாருக்கும் தெரியாது. சந்தையில் மீன்கடைச் சீன முதலாளி, தவுக்கே, அவரைப் பார்த்ததும் கண்டனீஸ் சீனத்தில் பொரிந்து தள்ளுவார். அக்கா இடுப்பில் கைவைத்து, "யோவ், தமிழ்ல பேசுய்யா, ஒன் பாஷ யாருக்குப் புரியும்?" என்பார். தவுக்கே மிரண்டுபோய் ஒரு மீன் கூடவே போடுவார்.

அக்கா தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது ஒரு ஜோடிப் பாம்பை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அமெரிக்காவில் சோளக் கிடங்குகளில் எலி பிடிக்கும் இனமாம், விஷம் கிடையாதாம். ஆண் செக்கச் செவேல், உடம்பில் கறுப்பே இல்லை. பெண் சாம்பல், மருந்துக்கும் சிவப்பு இல்லை.

வீடு முழுக்க ஓட்டை போட்ட பிஸ்கட் டின்கள். நாம் சற்று அழுத்தி நடந்தால் போதும், உள்ளே பாம்பு வாலை அதிரவைக்கும். டர்ர்ர்! ஒரு டின் தொடங்கினால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். மழை பெய்யும் மத்தியானங்களில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் ஓட, இந்தப் பக்கம் நான் சோறு தின்றிருக்கிறேன். பயத்தில் என்ன குழம்பு என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை.

முதல் முட்டைகள் இரண்டு மாதத்தில் பொரிந்தன. அத்தனை குட்டியும் பழுப்பும் சிவப்புமாய், கறுப்பு விளிம்பு போட்ட சாதாப் பாம்பு. அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை.

"தொர ஏமாத்திட்டாருலா அக்கா" என்றேன்.

"நெறம் எங்கயும் போவல. உள்ளுக்குள்ள இருக்கு. பேரப்புள்ளைங்கள்ல வரும்னு தொர சொன்னாரு."

அந்தக் குட்டிகளை வளர்த்து, ஜோடி சேர்த்து, மூன்று வருஷம் காத்திருந்தார். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த மகளின் கல்யாணப் படத்தைக் காட்டினார். மாநிறம், கூர் மூக்கு. காலமான தகப்பனை உரித்து வைத்திருந்தாள்.

"என் மூஞ்சி மாரி இன்னொரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல தம்பி. நான் போய்ட்டா இதுவும் போச்சு."

மூன்றாம் வருஷம் பொரிந்ததில் சிவப்பு வந்தது, சாம்பல் வந்தது. கடைசி முட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை வெளியே வந்தது. இளஞ்சிவப்புக் கண். தலையை மட்டும் நீட்டி, ஒரு பகல் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அழுதார்.

"அப்பன் ஆத்தாக்குள்ள இருந்துகிட்டே நம்மளப் பாத்துகிட்டு இருந்திருக்கு."

விஷயம் பரவி, பெண்கள் பாலும் மஞ்சளுமாய் வாசலில் விழுந்து கும்பிட்டார்கள்.

"பால் குடிக்காதுலா. எலிக்குஞ்சு இருந்தா கொண்டாங்க" என்றார் அக்கா. பக்தி அத்தோடு கலைந்தது.

அடுத்த மாதம், தெலுக் இந்தானில் இருந்த மகளுக்குப் பெண் குழந்தை என்று தகவல் வந்தது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் பிஸ்கட் டின்.

"அதுவுமா அக்கா?"

"இது வந்திருக்கு. அதுவும் வரும்."

வழியில் கண்டக்டர் இளித்தார். "பேத்திக்கு பிஸ்கட்டா அக்கா?"

"ஆமா. ஒண்ணு எடுத்துக்க."

டர்ர்ர்! தெலுக் இந்தான் வரும்வரை எங்களைச் சுற்றி நான்கு வரிசை காலி.

ஆஸ்பத்திரியில் டின்னோடு நான் வார்டு வாசலில் நின்றேன். அக்கா துணியை விலக்கினார். இடுங்கிய கண், உப்பிய கன்னம், சப்பை மூக்கு. பச்சைக் குழந்தை எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, கடித்துக்கொண்டேன். குழந்தைக்கு ஒரு வயதானபோதும் முகம் மாறவில்லை. அப்படியே அக்கா.

அன்று வார்டில், அறை கேட்டுப் போன நாளில் என்னைப் பார்த்த அதே பார்வையைக் குழந்தை மேல் பதித்தார் அக்கா. குழந்தையும் கண் திறந்து, சிமிட்டாமல், திருப்பிப் பார்த்தது. என் கையில் டின் அசையாமல் கிடந்தது.

அக்கா மெல்லக் குனிந்தார்.

"யாருடி நீ? எங்கம்மாவா?"

அக்கா இப்போது இல்லை. போன வாரம் என் மகளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்திருக்கிறது. முன்னால் தூக்கிக்கொண்டு, அச்சு அசல் என் அப்பா. கண்ணாடி முன்னால் நின்று அழுகிறாள். எனக்கோ, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் பலகை வீட்டுக்கு ஓடி, "அக்கா, வந்திருச்சு" என்று காட்ட வேண்டும் போலிருக்கிறது.