முகமூடிக்காரனும் மீதி சாரும்

திட்டக்குடியில் ஆரம்பித்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை கடலூர் மாவட்டம் பூராவும் சலித்துப் பார்த்தாலும், மீதி சாரைப் போல மனுஷன் பொறுமையைச் சோதித்த இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். இதைக் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் தணிந்து நிதானமாக யோசித்துப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் கூட்டுறவு அலுவலகத்தில் தபால் பிரிவு குமாஸ்தா. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். எதைச் சொன்னாலும் முக்கால்வாசி சொல்லி, கேட்கிறவன் வாயைப் பிளந்து நிற்கும்போது, "மீதி அப்பறம்" என்று எழுந்து போய்விடுவார். அதனால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் மீதி சார்தான்.

2007-ல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் நியமன உத்தரவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இதுல ஒரு சிக்கல் இருக்குதே" என்றார். என்ன சார் சிக்கல் என்று கேட்டால், "சாப்ட்டுட்டு வந்து மீதி சொல்றன்" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை போச்சு என்று முடிவு கட்டி, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன். ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தவர் சொன்ன மீதி இதுதான்: "சீலு கோணலா குத்தியிருக்கான்." முத்திரை கோணலாக இருந்தால் என்னய்யா? நேராக இருந்தால்தான் என்ன?

இந்த வியாதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அந்த வாரம் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. நம் தாத்தா காலத்தில் வெள்ளைக்காரன் நாட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடர் படங்கள் அவரிடம் ஒரு பை நிறைய இருந்தன. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பர்மா பஜாரில் தேடிப் பிடித்து வாங்கிய சிடிக்கள். ஒரு கதைக்கு பதினைந்து பாகம். ஒரு பாகம் இருபது நிமிஷம். அந்தக் காலத்துத் தியேட்டரில் வாரம் ஒரு பாகம்தான் போடுவார்களாம். கதாநாயகன் சாகப்போகிற இடத்தில் நிறுத்திவிடுவார்களாம். பிழைத்தானா செத்தானா என்று தெரிய ஜனம் அடுத்த வாரம் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். சரி, அவனுக்கு அது வியாபாரம். பதினைந்தும் பைக்குள் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன வந்தது? இவரும் வாரம் ஒன்றுதான் போடுவார். வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம், ரெக்கார்டு ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரில்.

கதாநாயகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதைக்குக் கதை மாறினாலும் ஆள் ஒரே மாதிரிதான். முகத்தில் முகமூடி, முதுகில் ஒரு போர்வை, அவசரத்தில் வேட்டி கட்ட மறந்துவிட்டு வந்தவர் மாதிரி ஓர் இறுக்கமான கால்சட்டை. அவன் பறக்கும்போது அது ஆள் இல்லை, கம்பியில் ஓடுகிற பொம்மை என்று கண்ணாடி போடாமலே தெரியும். வில்லனின் ஆட்கள் எத்தனை அடி வாங்கினாலும் தலையில் இருக்கும் தொப்பி மட்டும் விழாது. இங்கிலீஷ் எங்கள் யாருக்கும் அந்த வேகத்தில் புரியாது என்பதால் மீதி சார் சத்தத்தை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் அவரே பேசுவார். "டேய், அந்தப் பொண்ண வுடுறா. அது அவுங்க அப்பாவுக்கு ஒரே பொண்ணுடா" என்று முகமூடிக்காரன் சுத்தமான சிதம்பரம் பாஷையில் மிரட்டுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் பதினெட்டாவது நிமிஷம் வந்தால் ஒருத்தர் வாயிலும் சிரிப்பு இருக்காது. டிபன் பாக்ஸில் கை அப்படியே நின்றுவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை முகமூடிக்காரனின் கார் மலை உச்சியிலிருந்து உருண்டது. அவன் உள்ளே இருக்கிறான். கார் கீழே விழுந்து தீப்பிடித்து எரிகிறது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளி போட்டால், அதே மலை, அதே கார், ஆனால் விளிம்புக்கு வருவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்து குதித்துவிடுகிறான். புல்லில் உருண்டு, எழுந்து, போர்வையைத் தட்டிக்கொண்டு போகிறான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "சார், இது அநியாயம். போன வாரம் இவன் குதிக்கவே இல்ல" என்று எழுந்து நின்றேன்.

"போன வாரமும் குதிச்சாரு தம்பி. நமக்குத்தான் காட்டல" என்றார் அவர், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே.

இந்த அக்கிரமத்தைத் தட்டிக் கேட்பார் என்று எங்கள் மேனேஜரை நம்பினேன். சாப்பாட்டு நேரம் முடிந்தும் ஆள் யாரும் சீட்டில் இல்லை என்று ஒரு நாள் அவரே கோபமாக ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். வாசலில் நின்றார். திரையில் அந்தப் பெண்ணை மரம் அறுக்கும் மெஷினில் கட்டிவைத்திருந்தார்கள். மேனேஜர் கதவில் சாய்ந்தபடி கடைசிவரை பார்த்தார். அடுத்த வெள்ளி தன் நாற்காலியைத் தூக்கி வரச் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நியாயம் கேட்க ஆளே இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு தடவை மீதி சார் இரண்டு நாள் லீவில் போனபோது, அவர் பீரோவைத் திறந்து அடுத்த பாகத்தைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். மேனேஜரும் உடந்தை. "பாகம் 9" என்று அழகாக எழுதி ஒட்டிய சிடி இருந்தது. போட்டோம். யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். படம் இதற்குப் பிறகு வரும், இதற்குப் பிறகு வரும் என்று முழு இருபது நிமிஷம் பார்த்தோம். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடுகிறது, ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கிறார், அங்கே நின்றுவிட்டது. அதற்கு மேல் சிடியில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வந்த மனுஷர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் மேஜைக்கு வந்து, "காது நல்லாதான் குத்தனாங்க தம்பி, கவலப்படாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். என் கல்யாண விஷயத்தில் அவர் செய்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

2011-ல் எனக்கு முப்பத்து நான்கு வயது. முன் நெற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தது. அம்மா கோயில் கோயிலாகப் போய்க் களைத்து, அதையும் நிறுத்திவிட்டாள். எட்டாவது இடத்தைக் கொண்டுவந்தது மீதி சார்தான். சிதம்பரத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. போய்ப் பார்த்தோம். பெண் என்னிடம், "நீங்க புஸ்தகம் படிப்பீங்களா?" என்று கேட்டாள். அதுவரை எந்தப் பெண்ணும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கிடைத்தால் இந்தப் பெண், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இனி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பதிலை மீதி சாரிடம் சொல்லி அனுப்புகிறோம் என்றார் பெண்ணின் அப்பா. மார்கழி பிறந்தது. மார்கழியில் நிச்சயம் பண்ண மாட்டார்கள், சரி. ஆனால் சம்மதம் என்றால் 'தை பொறந்ததும் வாங்க' என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தை வரவில்லை என்றால் அர்த்தம் என்னவென்று ஏழு தடவை பட்டவனுக்குத் தெரியாதா? நானே போன் போட்டுக் கேட்கிறேன் என்றால் அம்மா விடவில்லை. "மாப்ள வூட்டுக்காரங்க நாமளே போன் பண்ணா நம்மள என்னாடா நெனப்பாங்க" என்றாள்.

வருஷக் கடைசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் மீதி சாரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை மதியம் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஆபீஸே சுற்றி நின்றது.

"போனன். உக்காரச் சொன்னாங்க. காபி வந்துச்சு. பொண்ணோட அப்பா கையில உன் போட்டோ. பாக்குறாரு, பாக்குறாரு, ஒண்ணும் பேசல. நான் ஒரு வாய் காபி குடிச்சிருப்பன். திடீர்னு உன் போட்டோவ டீப்பாய் மேல கவுத்துப் போட்டாரு. சடார்னு எழுந்து நின்னாரு. 'சார், ஒண்ணு சொல்றன், மனசுல வச்சிக்காதீங்க'ன்னாரு."

டிபன் பாக்ஸை மூடினார். "புயல் வருதாம், மேனேஜர் பர்மிஷன் குடுத்துட்டாரு. மீதி நாளைக்கு."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். வயசில் மூத்தவர், தப்புத்தான். "தம்பி, பஸ்ஸு போயிடும்" என்று என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். செல்போனை வழக்கம்போல அணைத்துவிட்டார்.

நாளை என்று ஒன்று வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் புயல் கடலூரைப் புரட்டிப்போட்டுவிட்டது. முதுநகரில் எங்கள் வீட்டுக் கூரையின் சிமென்ட் ஷீட்டுகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. தெருவில் நின்ற மரமெல்லாம் படுத்துவிட்டது. கரண்டு கம்பம் வரிசையாக விழுந்து கிடந்தது. செல்போன் டவரும் செத்துப்போயிற்று. ஊரே புயலைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் நனைந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு மீதி சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டைக் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கும்போதும் திட்டினேன். கவிழ்த்துப் போட்ட போட்டோ கண்ணுக்குள்ளேயே நின்றது. எட்டாவதும் போச்சு என்று அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் யாரோ இருமினார்கள். மீதி சார். முழங்கால் வரை சேறு. அறுந்துபோன செருப்பு கையில். வேட்டியில் பாதிதான் வெள்ளை. பால் வண்டியில் பி.முட்லூர் வரை, மரம் வெட்டப் போனவர்களின் டிராக்டரில் ஆலப்பாக்கம் வரை, அங்கிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். ஐம்பத்தேழு வயசு.

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவர் சொல்லிவிட்டார். திண்டாடவிடவில்லை, உட்காரவுமில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"தை பொறந்ததும் வரச் சொல்லிட்டாங்க தம்பி. பொண்ணுக்கு உன்னப் புடிச்சிருக்குதாம். அவ்வளவுதான். மீதி இல்ல."

அம்மா அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் கோபம் மறுபடி வந்துவிட்டது.

"அப்ப போட்டோவ ஏன் சார் கவுத்தாரு?"

"ஃபேன் காத்துல பறக்குதுன்னு கவுத்தாரு."

"எழுந்து நின்னது?"

"ஃபேனக் கொறைக்க."

"மனசுல வச்சிக்காதீங்கன்னது?"

"காபில சக்கர போட மறந்துட்டாங்க. அதுக்கு மன்னிப்பு."

"இதெல்லாம் வியாழக்கெழம சொல்லவே இல்லியே சார்."

"புதன்கெழமையே இதான் தம்பி நடந்துச்சு. உனக்குத்தான் காட்டல."

அடிக்கக் கை ஓங்கினேன், சத்தியமாக. அப்போதுதான் அவர் நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாசற்படியில் உட்காரவைத்து அம்மா சுடச்சுட டீ கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வூட்டுத் தென்னமரம் சமையக்கட்டு மேல வுழுந்துடுச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடி அங்கதான் நின்னன். அது வுழுந்ததும் மொத நெனப்பே உன்னப் பத்திதான். நான் போயிருந்தா இந்தப் பையனுக்கு முடிவு தெரியாமலே போயிருக்குமே, சோறு தின்றானோ இல்லியோன்னு. மனசு கேக்கல. ரோடு தொறந்ததும் கெளம்பிட்டன்."

பேச்சை மாற்ற வேண்டி, "சார், போன வாரம் பதினாலாம் பாகத்துல முகமூடிக்காரன உலைக்குள்ள தள்ளிட்டாங்களே. அதையும் சொல்லிடுங்க" என்றேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கரண்ட் வரட்டும்" என்றார்.

எங்கள் பகுதிக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆயிற்று. ஆபீஸ் திறந்து, எனக்கு நிச்சயமும் முடிந்து, தினமும் கேட்டேன். மேனேஜரும் கேட்டார். ஒரு வார்த்தை பெயரவில்லை அந்த மனுஷர் வாயிலிருந்து. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அந்த மூன்று வாரமும் காலையில் நான் நேரே ஆபீஸுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். சிதம்பரம் பஸ் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக அந்தக் குடை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அவர் என்னைப் பார்ப்பதற்குள் வேகவேகமாக நடந்துவிடுவேன்.