தணிகாசலத்தின் கழுத்துக்கு ஏற்ற கார்

முதலில் ஒரு விடுகதை. அளந்தால் பதினாறு, எழுதினால் ஆறு. நின்றால் கம்பம், உட்கார்ந்தால் மூட்டை. அது என்ன? பனைமரம் என்று சொல்லத் துடிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பனைமரம் உட்காராது. விடை கதைக்குள் இருக்கிறது.

ஒரு காட்டில் தணிகாசலம் என்ற ஒட்டகச்சிவிங்கி இருந்தார். நம் பக்கத்துக் காடுகளில் ஒட்டகச்சிவிங்கி ஏது என்று கேட்பவர்கள், சிங்கம் எப்படித் தமிழ் பேசியது என்று இதுவரை கேட்டதில்லை. ஆகவே இதையும் கேட்க வேண்டாம்.

தெருவிளக்குகளுக்கு பல்பு மாற்றுவது தணிகாசலத்தின் வேலை. ஏணி தேவைப்படாது என்பதால்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். அதுவரை ஏணியை வைத்திருந்த அறையை அவருக்கு ஓய்வறையாகக் கொடுத்தார்கள். ஏணியைப் போலவே அவராலும் அதில் படுக்கத்தான் முடிந்தது.

அவருக்கு ஒரே மகள். பெயர் இளவெயினி. மூன்றாம் வகுப்பு. அவளைப் பள்ளியில் விடுவது அப்பாவின் பொறுப்பு. கனகசபை என்ற நீர்யானையின் ஷேர் ஆட்டோவில் இருவரும் போவார்கள். தணிகாசலத்தின் உடம்பு பின்சீட்டில் இருக்கும். கழுத்து கனகசபையின் தோளைத் தாண்டி, முன்பக்கமாக வெளியே போய், வளைந்து மறுபடி உள்ளே வரும். தலை யார் மடியில் வந்து முடியும் என்பது அன்றன்றைய கூட்டத்தைப் பொறுத்தது.

ஒருநாள் அது முயல் டீச்சரின் மடியில் முடிந்தது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியதில் அவருடைய நாக்கு டீச்சரின் சாப்பாட்டுக் கூடைக்குள் போய்விட்டது. உள்ளே முருங்கைக்கீரை இருந்தது. பிறகு இல்லை. டீச்சர் ஆட்டோவில் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் சொன்னார்.

மறுநாளிலிருந்து இளவெயினி, பள்ளிக்கு முந்திய நிறுத்தமான சோதனைச் சாவடியிலேயே அப்பாவை இறங்கிக்கொள்ளச் சொன்னாள். அவரும் இறங்கிக்கொண்டார். அவர் உயரத்துக்கு அங்கிருந்தே மரங்களுக்கு மேலாகப் பள்ளிவாசல் தெரியும். அவள் உள்ளே நுழைவது தெரியும். திரும்பிப் பார்க்காமல் நுழைவதும் தெரியும்.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுகிற கடைசி நாளில் ஒரு சிறுத்தை தன் குட்டியை அழைத்துப் போக, சிவப்பு நிறத்தில் தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். இறங்கி ஓடினால் அந்தக் காரை அவரே முந்திவிடுவார். இருந்தாலும் வைத்திருந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். இளவெயினி அன்று மாலை வீட்டில் வேலமரத்து இலையை மென்றுகொண்டே சொன்னாள்.

"அந்த மாதிரி கார்ல வந்தா நீங்க வாசல் வரைக்கும் வரலாம்பா."

பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது. தணிகாசலம் மறுநாளே லீவு போட்டார்.

கனகசபை விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு டெம்போ வாங்கினால் பின்னால் நின்றபடியே போகலாமே என்றார். டெம்போவில் நின்றபடி போகிறவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார் தணிகாசலம்.

காட்டில் இருந்தது ஒரே ஷோரூம். அதை சேதுராமன் என்ற நரி நடத்தியது. தணிகாசலத்தின் முழங்காலைப் பார்த்து வணக்கம் சொல்லி, நிமிர்ந்து பார்த்து இன்னொரு வணக்கம் சொல்லி, உள்ளே அழைத்துப்போனது. சிவப்புக் காரின் கதவைத் திறந்து, இதில் உயரமானவர்களும் வசதியாக உட்காரலாம், ஆறரை அடி வரைக்கும் தாராளம் என்றது.

தணிகாசலம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கழுத்தைத் தச்சரின் மடக்கு அளவுகோல் போல மூன்றாக மடித்து உள்ளே வைத்தபோது தாடை ஹாரன்மேல் அமர்ந்தது. ஹாரன் விடாமல் அலறியது. ஒரு கொம்பு வைப்பரை ஓட்டியது. மூக்கு ரேடியோவைத் தொட்டதில் எங்கோ வானிலை அறிக்கை ஓடியது.

"ஏசி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டது நரி, ஹாரனுக்கு மேலாக.

"முட்டிக்கு நல்லா இருக்கு."

பொதுவாக நரிகள் இந்த இடத்தில் தந்திரம் செய்யும். சேதுராமன் அப்படியெல்லாம் செய்யவில்லை. காரில் ஒரு குறையும் இல்லை, கழுத்தில்தான் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது என்று நேர்மையாகவே சொன்னது. அப்புறம் சன்ரூஃப் வைத்த அதே சிவப்புக் காரைக் காட்டியது. தணிகாசலம் உட்கார்ந்து கூரையைத் திறந்து கழுத்தை மேலே விட்டார். கழுத்து நேராக நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வண்டிக்குள் அவர் மடங்காமல் இருந்தார். காருக்கு மேலே எட்டடி உயரத்தில் அவர் கண்கள் கலங்கியது கீழே இருந்த நரிக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு சிக்கல். வண்டிக்கு வெளியே தலை நீட்டக் கூடாது என்று காட்டில் விதி இருந்தது. தவிர்க்க முடியாதவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் உயர விதிவிலக்குப் பெற வேண்டும். லைசென்ஸும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஒரே படிவம்தான் என்றது நரி.

அலுவலகத்தில் வரிசை இருந்தது. தணிகாசலத்துக்கு முன்னால் ஒரு நத்தை. அது முகவரி மாற்றத்துக்காக வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் முகவரி மாறிக்கொண்டே இருந்ததால் அதன் வேலை முடிய நான்கு நாள் பிடித்தது.

கவுண்டரில் பத்மாசனி என்ற கொக்கு ஒற்றைக்காலில் நின்றிருந்தது. படிவத்தைத் தள்ளியது. பெயர் என்ற இடத்தில் இனத்தின் பெயரை எழுதினால் போதும் என்றது. வயதுக்குக் கட்டம் இல்லை. ஆமைகள் ஆட்சேபித்ததால் எடுத்துவிட்டார்களாம். உயரத்துக்கு மூன்று கட்டம் இருந்தது. அடிக்கு ஒன்று, அங்குலத்துக்கு இரண்டு.

தணிகாசலம் பதினாறு அடி நான்கு அங்குலம். அவர் பேனாவை வைத்துக்கொண்டு அந்த ஒற்றைக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பதினாறை அதில் எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒரு கட்டத்துக்கு ஓர் எண்தான், ஓரத்தில் எழுதினால் கம்ப்யூட்டர் படிக்காது என்றது கொக்கு.

தணிகாசலம் கணக்கில் கெட்டிக்காரர். மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஒன்பது அடி எண்பத்தெட்டு அங்குலம் என்று எழுதட்டுமா, கூட்டினால் சரியாக வரும் என்றார். கொக்கும் கூட்டிப் பார்த்தது. சரியாகத்தான் வந்தது.

"பன்னிரண்டு அங்குலம் சேர்ந்தா அது ஓர் அடி சார். அடியை அடிக் கட்டத்துலதான் போடணும். அங்க இடம் இல்லையே."

"அப்ப நான் எதை எழுதட்டும்மா? ஒண்ணா, ஆறா?"

"அது உங்க இஷ்டம். ஒரு அடி இருக்கிறவங்களுக்கு லைசென்ஸ் தர மாட்டோம்."

தணிகாசலம் ஆறு என்று எழுதினார். விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் கதை முடியவில்லை.

பிறகு போட்டோ எடுத்தார்கள். கேமரா சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. அவரைக் குனிய வைத்தால் காது வந்தது, நிமிர வைத்தால் கழுத்து வந்தது. கழுத்தே தெளிவாக இருக்கிறது என்று கொக்கு அதையே வைத்துக்கொண்டது. மறுநாள் லைசென்ஸ் வந்தது. விதிவிலக்கு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சான்றிதழ் இருந்தது. விண்ணப்பதாரர் ஆறு அடி நான்கு அங்குலம் என்பதால் விதிவிலக்குத் தேவையில்லை, எந்தக் காரிலும் அவர் வசதியாகப் பொருந்துகிறார் என்று அதில் அச்சடித்து, முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார். முதல்முறை வருத்தமாக இருந்தது. இரண்டாம் முறை அவ்வளவு வருத்தமாக இல்லை. அவர் பொருந்துவதாக இதுவரை யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. சேதுராமன் அதை லேமினேட் செய்து கொடுத்தது. அன்றே காருக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர் வண்டியை நகர்த்தியதில் மூன்று பழம் நசுங்கியது. நான்காவதை இளவெயினி எடுத்து வைத்துக்கொண்டாள். மாலையைக் காணவில்லை. தணிகாசலம் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

அந்தக் கோடை விடுமுறைதான் அவர் வாழ்க்கையிலேயே நல்ல காலம். தலை மேலே இருந்ததால் அவருக்குப் பாதை மூன்று மைல் தூரத்துக்குத் தெரிந்தது. காருக்குள் இருப்பது ஒன்றும் தெரியவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் அவருடைய மார்பு மட்டும் விழுந்தது. ஆகவே இளவெயினி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள்.

"நாப்பதுல போறீங்கப்பா."

"பெட்ரோல்?"

"பாதி இருக்கு. பின்னால ஒரு முள்ளம்பன்றி ஹாரன் அடிக்குது."

முதலில் சொன்னாள். பிறகு, சொல்லிக் காத்திருப்பதைவிடத் தானே செய்வது சுலபம் என்று கியரை மாற்றினாள். இண்டிகேட்டரைப் போட்டாள். ஆறாவது வாரத்தில் ஸ்டியரிங்கின் ஒரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். மேலே தணிகாசலம் வாயில் விழும் பூச்சிகளைத் துப்பிக்கொண்டு, இடதுபக்கம் குளம் வருகிறது, வலதுபக்கம் புற்று வருகிறது என்று சொல்வதோடு சரி. அவ்வளவு நேரம் மகள் தன்னோடு பேசி அவர் கேட்டதே இல்லை. அவர் விடுமுறை முடியாமல் இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தார். அதே விடுமுறையில் அவளும் வளர்ந்தாள்.

பள்ளி திறக்கிற நாள் வந்தது. தணிகாசலம் குளித்து, கொம்புக்கு எண்ணெய் தடவி, சான்றிதழை முன்கண்ணாடியில் மாட்டினார். கார் கிளம்பியது. பள்ளிக்கு முந்திய நிறுத்தத்தில், சோதனைச் சாவடியில், கரடி ஏட்டு மருதமுத்து தடியை நீட்டினார். வழக்கமான சோதனைதான். லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். காருக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"மேல இருக்கிறது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப உள்ள உக்காந்திருக்கிறது?"

"அதுவும் நான்தான்."

மருதமுத்து அவசரப்படாதவர். டேப்பை எடுத்து, காரின் தரையிலிருந்து தணிகாசலத்தின் கழுத்தோடு மேலே அளந்துகொண்டு போனார். சன்ரூஃபைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டேப் நின்றது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"லைசென்ஸ்ல இருக்கிறபடி நீங்க இங்க முடிஞ்சிட்டீங்க சார். இதுக்கு மேல இருக்கிறவர் கூரைமேல பயணம் செய்யறார். அது குற்றம். அவரை இறங்கச் சொல்லுங்க."

தணிகாசலம் கட்டத்தைப் பற்றிச் சொன்னார். கொக்கைப் பற்றிச் சொன்னார். ஒன்பது அடி எண்பத்தெட்டு அங்குலத்தைப் பற்றியும் சொன்னார். கரடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். வசதியாகப் பொருந்துகிறார் என்று அரசாங்கமே சொல்கிறது, பொருந்தாதவர் எப்படி அவராக இருக்க முடியும் என்று கேட்டார். தணிகாசலம் இறங்கினார். அவர் இறங்கி முடிக்கவும் கால் மணி நேரம் ஆயிற்று.

அதற்குள் மருதமுத்து லைசென்ஸுக்குரிய ஆளைத் தேடினார். காருக்குள் இளவெயினி இருந்தாள். அவளை வெளியே நிறுத்தி அளந்தார். சரியாக ஆறு அடி நான்கு அங்குலம். பெயர் என்ற இடத்தில் ஒட்டகச்சிவிங்கி என்று இருந்தது. போட்டோவில் இருந்த கழுத்தையும் அவள் கழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் புள்ளி இருந்தது. வயதைப் பற்றி லைசென்ஸ் எதுவும் சொல்லவில்லை.

மருதமுத்து விறைப்பாக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். லைசென்ஸை அவள் கையில் கொடுத்தார். அப்புறம் தணிகாசலத்தை நன்றாகப் பார்த்தார்.

"தினமும் இங்க இறங்குறவர்தானே நீங்க? பழகின இடம்தான். ஓரமா நில்லுங்க."

மணி அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. பள்ளிவாசலில் பிள்ளைகள் மரங்களின் இடைவெளியில் சிவப்புக் காரைப் பார்த்துவிட்டார்கள். மதில்மேல் ஏறி நின்று கை காட்டினார்கள். கரடி ஏட்டு இளவெயினியிடம் கேட்டார்.

"என்ன பாப்பா, வண்டிய எடுக்கிறியா? இல்ல, இங்கயே விட்டுட்டு இவரோட நடந்து போறியா?"

தணிகாசலம் முன்னங்கால் இரண்டையும் அகட்டி, கழுத்தைத் தாழ்த்தி, முகத்தை மகளின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். தண்ணீர் குடிக்கும்போது தவிர அவர் அவ்வளவு குனிந்ததில்லை. நடந்தாலும் ஐந்து நிமிடம்தான் ஆகும் என்று சொன்னார்.

இளவெயினி காருக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். தலை கூரையில் பட்டும் படாமலும் இருந்தது. சன்ரூஃபை மூடினாள். முதல் கியரைப் போட்டாள். பள்ளிவாசல் வரைக்கும் காரில் போனாள்.

நீதி: படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அத்தனை உயரம் போதும். மிச்சத்தை முந்திய நிறுத்தத்திலேயே இறக்கிவிட வேண்டும்.