அமாவாசை மோட்டார்

அமாவாசையன்றுதான் வருவேன் என்று அப்பாதுரை சொன்னபோது காசிநாதன் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பாதுரை கூரத்து ரைஸ்மில்காரர். காசிநாதன் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த, தறிக்கு நூல் சுற்றும் மோட்டார் மிஷினுக்குப் பணம் போட முன்வந்த ஒரே மனிதர். அவர் கைவிட்டால் மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டியதுதான்.

அவன் குடியிருந்த நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் அமாவாசை என்றால் தறிக்கு விடுமுறை; அன்று பட்டு நூலைத் தொடக்கூடாது. பட்டு நூல் கேட்டதற்கு அம்மாவே அடிக்க வந்தாள். கடையில் பூக்கட்டும் நூல்கண்டு வாங்கி மாட்டி, சுவிட்சைப் போட்டான். மிஷின் அசையவில்லை.

"கரண்டு இல்லப்பா," என்றாள் பக்கத்து வீட்டு இட்லிக்கடை எல்லம்மாள். "தெருவே லீவுதானேன்னு இன்னிக்கு லைன் வேலை பாக்கறாங்க. சாயந்திரம் ஆவுமாம்."

அப்பாதுரை பதினோரு மணிக்கே வந்துவிடுவார். காசிநாதன் சைக்கிளைப் பின்கட்டில் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்திலிருந்து ஜன்னல் வழியாக மிஷினுக்கு பெல்ட் கட்டினான். ஜன்னலை ஒரு வேட்டியால் மறைத்தான். பார்வைக்கு இருக்கட்டும் என்று சுவிட்சை அணைக்கவில்லை.

"எல்லம்மாக்கா, கொஞ்ச நேரம் மிதிக்கா."

"மாவாட்டணும்பா."

"என் பொழப்பே இதுல இருக்குதுக்கா."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

அப்பாதுரை வந்தார். மிஷின் ஓடியது. திடீரென்று இன்னும் வேகமாகவே ஓடியது. அக்கா உயிரைக் கொடுத்து மிதிக்கிறாள் என்று காசிநாதனுக்கு மனசு கரைந்தது.

"பத்து மிஷினுக்குப் பணம் தரேன் தம்பி," என்றார் அப்பாதுரை. "மிஷினுக்காக இல்ல. உனக்குப் பொய் சொல்ல வராது, அதுக்காக."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சிடுங்க. இது மோட்டார்ல ஓடல. இன்னிக்குக் கரண்டே இல்ல. பின்னால ஒரு அக்கா சைக்கிள் மிதிச்சிக்கினு இருக்குது."

அப்பாதுரை மிஷினைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்னையே ஏமாத்தப் பாத்தியா?"

கார் தெருமுனை தாண்டும்வரை காசிநாதன் வாசலிலேயே நின்றான். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"போதும்க்கா, நிறுத்து!" என்று கத்தினான். நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் எல்லம்மாள் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரைப்பா நிறுத்தச் சொல்ற? கரண்டு வந்து மிஷின் தானா ஓட ஆரம்பிச்சதுமே நான் எறங்கி வந்துட்டேனே!"